பென்சிலுக்கு மேல் மை

பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். வேறு எங்கெங்கே விண்ணப்பம் போட்டுக் கிடைக்காமல் இங்கே வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். நானும் அப்படி வந்தவன்தான்.

உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, நிறையத் தெரிந்திருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் அந்த ஜன்னலுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். கோப்பு வைப்பது, ரிப்பன் மாற்றுவது, வருகைப் பதிவேட்டில் கோடு போடுவது எல்லாவற்றையும் யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். இல்லாவிட்டால் நீங்களே தப்புத் தப்பாகக் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு தாளைப் பற்றி: பாடத் தேர்வுப் படிவம்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் கவலைப்படுகிறவன். அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். சிராங்கூன் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவை இழுத்துப் பார்ப்பேன். கவலைப்படுவதற்கு அரசாங்கம் தனிச் சம்பளம் கொடுத்தால் கடலோரத்தில் பங்களாவே வாங்கியிருக்கலாம் என்பாள் என் மனைவி. இதற்குக் காரணம் உண்டு. ஜப்பான்காரன் சிங்கப்பூருக்குள் வந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அவன் போனபோது எனக்குப் பதினாறு வயது, அரும்பு மீசை, சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடு. மீசையோடு போய் ஆறாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வெட்கமாக இருந்தது. டைப்பிங் கற்றுக்கொண்டேன். சண்டை ஓய்ந்து ஆள் கிடைக்காத அவசரத்தில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பிறகு ஆள் கிடைக்க ஆரம்பித்தபோது, என்னை எடுத்ததையே மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஞாபகம் வந்துவிடக்கூடாதே என்பதுதான் என் உத்தியோக காலம் முழுவதும் இருந்த பெரிய கவலை. கையில் காட்டுவதற்கு ஒரு சர்டிபிகேட் கிடையாது. அந்த ஜன்னலை விட்டால் எனக்கு வேறு ஜன்னல் கிடையாது.

இப்படிப்பட்டவன் கையில்தான் அந்தப் படிவத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஐம்பதுகளில் தொல்லை இல்லை. பள்ளிக்கூடம் எதைச் சொல்லிக் கொடுத்ததோ அதைப் பிள்ளைகள் படித்தார்கள். தேறினவன் தேறினான், தேறாதவன் பஸ் கண்டக்டர் வேலைக்குப் போய்த் தேறினவனுக்கு டிக்கெட் கிழித்தான். அறுபதுகள் பிறந்ததும் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. செகண்டரி டூ முடிகிற நவம்பர் மாதத்தில், சயின்ஸ், ஆர்ட்ஸ், டெக்னிக்கல், கமர்ஷியல் என்று நான்கு வாசல்களில் ஒன்றைப் பதினான்கு வயதுப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வாசலுக்குள் நுழைந்தால் மற்ற மூன்றும் அடைந்துவிடும். சயின்ஸ் வகுப்பில் உட்காராத பிள்ளை சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் பௌதிகமும் ரசாயனமும் எழுத முடியாது. அவை இல்லாமல் யுனிவர்சிட்டிக்கு முந்தின ப்ரீ-யூ வகுப்பில் சயின்ஸ் கிடையாது. அது இல்லாமல் யுனிவர்சிட்டியில் மருத்துவத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. எல்லாம் ஒரே தாள்.

தேர்ந்தெடுக்கிற பிள்ளைக்கு வயது பதினான்கு. கையெழுத்துப் போடுகிற தகப்பனாருக்கு ஆங்கிலம் தெரியாது. விளக்கிச் சொல்கிற கிராணி ஆறாம் வகுப்பு. இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை எந்த நாட்டிலும் பார்க்க முடியாது.

தகப்பன்மார்கள் சனிக்கிழமை காலையில் வருவார்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, பையோடு நேரே என் ஜன்னலுக்கு வருவார்கள். கேள்வியும் மீன்காரனிடம் கேட்ட அதே கேள்விதான்.

"எது இப்ப நல்லாப் போவுது தம்பி?"

"சயின்ஸ் இருக்கு. டாக்டர், எஞ்சினியர் ஆகலாம்."

"எத்தன வருசம் படிக்கணும்?"

"இன்னும் எட்டு ஒம்போது வருசம் ஆவும்."

"ஒம்போது வருசமா! அதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன் லா. சீக்கிரம் ஆவுறது எது?"

சீக்கிரம் ஆவது கமர்ஷியல். டைப்பிங், சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு. இரண்டு வருஷத்தில் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. என்னைக் காப்பாற்றியது டைப்ரைட்டர் என்பதால், அது எல்லாரையும் காப்பாற்றும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். பாதியில் நின்றுபோகிற பிள்ளை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். முழுதாகப் படித்த பிள்ளை என்ன ஆகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததை வைத்துத்தானே புத்தி சொல்ல முடியும்?

இங்கேதான் பென்சில் வருகிறது. பிள்ளைகள் மனதை மாற்றி மாற்றிப் படிவங்களைப் பாழாக்குகிறார்கள், அரசாங்கத் தாள் வீணாகிறது என்று எங்கள் பிரின்சிபல் ஒரு புது முறையைக் கண்டுபிடித்திருந்தார். பிள்ளை பென்சிலால் எழுத வேண்டும். பெற்றோர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கிராணி பென்சிலை அழித்துவிட்டு அதே இடத்தில் மையால் எழுத வேண்டும். தாள் மிச்சம். அதாவது, கையெழுத்து விழுந்த பிறகு எழுத்து எழுதப்படும். கொஞ்ச நேரம் அந்தத் தாள் கையெழுத்தோடும் வெறுமையாகவும் என் மேசை மேல் கிடக்கும். ரப்பர் ஒரு கையில், பேனா ஒரு கையில். இந்த அதிகாரம் பிரின்சிபலுக்கே கிடையாது.

இனி அந்தோணி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தார். அவருடைய மகள் ஸ்டெல்லா எங்கள் பள்ளியில் செகண்டரி டூ. ஒரு நவம்பர் சனிக்கிழமை வந்தார். மகள் பென்சிலால் 'சயின்ஸ்' என்று எழுதியிருந்தாள். அழுத்தி எழுதுகிற கை.

"இது என்னா தம்பி எழுதியிருக்கா?"

"சயின்ஸ்."

"நல்லதா?"

நான் யோசித்தேன். அதாவது கவலைப்பட்டேன். ஆறு பிள்ளைகளில் மூத்தவள். தகப்பன் ஒருத்தன் சம்பாத்தியம். கிரேனில் ஏறுகிறவனுக்கு எந்த நாள் எப்படி இருக்குமோ. ஒன்பது வருஷம் தாங்குமா? பாதியில் நின்றால்?

"நல்லதுதான் அண்ணே. ஆனா ரொம்ப நீளம். பொம்பளப் பிள்ள. கமர்ஷியல்னா ரெண்டே வருசம். ஆபீஸ்ல உக்காந்த வேல."

"உக்காந்த வேலயா?" அவர் முகம் மலர்ந்தது. நாள் முழுக்க அந்தரத்தில் தொங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் ஏது? "நீங்க படிச்சவங்க. நீங்களே பாத்துப் போடுங்க."

நாக்கைத் துருத்திக்கொண்டு, தமிழில், ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அவர் வாசலைத் தாண்டியதும் நான் ரப்பரை எடுத்தேன்.

அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தேக்காவில் போய் மீ கோரெங் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலமாரிப் பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்க்கிறவன், அந்தத் தாளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை, வகுப்புப் பட்டியலைப் பலகையில் ஒட்டினோம். கால் மணி நேரத்தில் ஜன்னலில் ஒரு முகம்.

"சார், என் பேரு தப்பான லிஸ்ட்ல இருக்கு."

"தப்பு இல்லம்மா. உங்க அப்பா முடிவு பண்ணது."

"நான் பென்சில்ல சயின்ஸ்னு எழுதியிருந்தேன் சார்."

"அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு பாரு."

"எது மேல சார் போட்டாரு?"

"மணி அடிச்சிருச்சு, கிளாசுக்குப் போ" என்றேன்.

மணி அடிக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப நமக்குத் தெரியும். கேள்வி கேட்டுவிட்டுப் போகிற பிள்ளையை என்ன செய்வது?

மறுநாள் சயின்ஸ் மிஸ் வந்தார். சீன அம்மா, தோளுயரம்கூட இருக்க மாட்டார், குரல் மட்டும் கப்பல் சங்கு. ஆங்கிலத்தில் ஆரம்பித்துக் கோபம் ஏறினால் மலாய்க்கு வந்துவிடுவார்.

"ஸ்டெல்லா எங்கே? என் வகுப்புல முதல் பிள்ளை. தவளையை அறுக்கச் சொன்னா ஆம்பளப் பிள்ளைங்க மயக்கம் போடுறானுங்க, இவ அதுக்குள்ள இருக்கறதுக்கெல்லாம் பேர் சொல்றா. அவளை யார் டைப் அடிக்க அனுப்பினது?"

"அப்பா முடிவு, மிஸ்."

"அப்பா போடோ!" என்றார். மலாயில் முட்டாள் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன். முட்டாள் பட்டத்தை வேறொருவர் சுமக்க நேர்ந்தால் தலையாட்டாத கிராணி உண்டா?

ஆனால் கவலை ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வகுப்பு மாற்றம் கிடையாது. உண்மையைச் சொன்னால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளைத் திருத்தியவன் என்று என் சீட்டு கிழியும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் சீட்டு கிழியும். இரண்டையும் தவிர்க்க ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். தகப்பனாரே மனம் மாறியதாக ஒரு கடிதம் எழுதி வாங்கிவிட்டால் என் பெயரே வராது. கோழைகளுக்கு மூளை வேலை செய்கிற வேகம் வீரர்களுக்கு வராது.

புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு மாடியேறினேன். அந்தோணி பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஆரோக்கியமேரி அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தேக்கா மார்க்கெட்டில் அரைத்த மசாலா விற்கிறவர். அவரிடம் நானே வாங்கியிருக்கிறேன், அந்தோணியின் மனைவி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டெல்லா தம்பி தங்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, யோசிச்சுப் பாத்தேன். பிள்ள நல்லாப் படிக்குது. சயின்சே போடலாம்னு தோணுது. நீங்க ஒரு லெட்டர் மட்டும்…"

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க?" அந்தோணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்கதானே உக்காந்த வேலன்னு சொன்னீங்க? ஞாயித்துக்கெழம கோயில்ல பூசை முடிஞ்சு அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டேன், எம் பொண்ணு ஆபீசரு மாதிரி உக்காரப் போறான்னு. இப்ப மாத்துன்னா? எம் பேச்சு என்னாவுறது?"

"அது அப்ப சொன்னது அண்ணே…"

"படிச்சவங்க ஒரு பேச்சு பேசணும் தம்பி."

அம்மியைக் கழுவுகிற சத்தம் நின்றது.

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க தம்பி?" என்றார் ஆரோக்கியமேரி. குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அத்தனை வருஷத்தில் ஜன்னலுக்கு முன்னால் நின்ற ஒருவரும் கேட்காத கேள்வி.

"ஆறாவது."

புத்தகத்துக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள். அந்தோணி என்னைப் பார்த்த பார்வையில், கிரேன் கயிறு அறுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. சரி, அறுந்ததோ அறுந்தது என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். உங்கள் மகள் எழுதியது சயின்ஸ், அதை அழித்தது நான், உங்கள் மனதை மாற்றியதும் நான்.

அம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட மசாலா வாங்க வர்றவங்ககிட்ட, மீனா கறியா, எத்தன பேருக்குன்னு கேக்காம நான் கையி வைக்க மாட்டேன். தெரியும்ல? நீங்களே வாங்கியிருக்கீங்க."

"தெரியும்க்கா."

"இவகிட்ட கேட்டீங்களா?"

எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கேட்டார் என்று அந்தோணிக்கும் புரிந்திருந்தது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அவர். "கோயில்ல எல்லாரும் சிரிப்பானுங்க. ஒம்போது வருசம் சோறு போடுறது யாரு? நீ போடுறியா?"

"இப்ப மட்டும் நீங்க தனியாவா போடுறீங்க?" என்றார் அந்த அம்மாள். "நான் போடுறேன் கையெழுத்து. எனக்குக் கட்டவெரல் இல்லியா?"

வியாழக்கிழமை காலை பிரின்சிபல் அறைக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே எல்லாவற்றுக்கும் முன்கூட்டிக் கவலைப்பட்டு வைத்திருந்தேன்: வேலை போனால், போலீசுக்குச் சொன்னால், வீட்டில் கேட்டால். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார். பிரின்சிபலிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டார்.

"கமர்ஷியலுக்குத் தகப்பன் சம்மதிச்சாரா?"

"சம்மதிச்சார் சார். நான் சம்மதிக்க வச்சேன்."

மூடி திறந்தது, மூடியது. "இது ஒண்ணுதானா?"

இந்தக் கேள்விக்குக் கவலைப்பட நான் மறந்துபோயிருந்தேன்.

"இல்ல சார்."

பென்சில் முறை யாருடைய கண்டுபிடிப்பு என்பது அப்போது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோபப்படத் தயாராக இருந்தவர், கோபம் எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அதைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கு வந்தால்தான் பிரின்சிபல் ஆக முடியும்.

"பழைய படிவங்களை அலமாரியில வச்சுப் பூட்டு. அதைப் பத்தி யார்கிட்டயும் பேச வேணாம். இந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள புதுப் படிவம், பெற்றோர் கையெழுத்து. ஆனா ஒண்ணு. லேப்ல நாப்பது ஸ்டூல். நாப்பது பிள்ளைங்க. நாப்பத்தோராவது ஸ்டூல் எங்க இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா வந்து சொல்லு."

கதவை மூடச் சொன்னார். வேலை போகவில்லை. போகவில்லையே என்று சந்தோஷப்படக்கூட எனக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆரோக்கியமேரி மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தார். மசாலா வாசனை அவருக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் அதுவரை தாயின் கையெழுத்தை யாரும் வாங்கியதில்லை. தகப்பன்தான் போட வேண்டும் என்று விதி இருப்பதாக நான் நினைத்திருந்தேன். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்றுதான் இருந்தது. அத்தனை வருஷம் அத்தனை பேருக்கு விளக்கிச் சொன்ன தாளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன்.

ஸ்டெல்லாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினேன். ரப்பரை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"நீயே எழுதும்மா. மையிலயே எழுது."

"முறை மாறாதா சார்?"

"மாறட்டும்."

முதல் எழுத்திலேயே ஒரு சொட்டு மை சிந்தியது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்றேன். அதற்குக் கீழே தாயின் கட்டைவிரல், ஊதா ரேகை, ஓரத்தில் மஞ்சள். அவ்வளவு அழுக்கான படிவம் எங்கள் பள்ளியிலிருந்து அதற்கு முன்னாலும் போனதில்லை, பின்னாலும் போனதில்லை.

ஸ்டூல் கணக்கு மட்டும் மிச்சமிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்ததும் ஸ்டூல்தான், அதே உயரம், அதே மரம். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து லேபுக்குப் போனேன். சயின்ஸ் மிஸ் அதை வாங்கி ஒரு கால் ஆடுகிறது என்று குறை சொல்லிவிட்டுக் கடைசி மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். பிரின்சிபல் மாடியிலிருந்து பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பட்டியல் போனது. அதன்பிறகு இரண்டு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் வேலை பார்த்தேன். தளவாடம் எண்ண வருகிற அதிகாரிக்காக மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டூலைத் தூக்கி வந்து உட்கார்ந்து காட்டுவேன்.

ஸ்டெல்லா டாக்டரானாளா என்று கேட்பீர்கள். இந்த மாதிரிக் கதைகளில் டாக்டராகாத பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் ஆகவில்லை. ப்ரீ-யூ போனாள், மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் ஸ்டூல்தானாம், கால் ஆடாத ஸ்டூல். உட்கார்ந்த வேலைதானே என்று அந்தோணி கோயிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சயின்ஸ் எடுக்கச் சொன்னது தான்தான் என்றும் சேர்த்துச் சொன்னதாகக் கேள்வி.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாகிவிடுவேன். அதனால் நிறுத்தக்கூடாது.

பழைய படிவங்களை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார் அல்லவா? பூட்டுவதற்கு முன்னால் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் கரியைத்தான் அழிக்கும், பள்ளத்தை அழிக்காது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மைக்கு அடியில் பிள்ளை அழுத்தி எழுதியது கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். நான் 'கமர்ஷியல்' என்று அழகாக எழுதியிருந்த இடங்களில் அடியில் வேறு வேறு எழுத்துகள் இருந்தன. மொத்தம் ஏழு பேர், எல்லாரும் முந்தின வருஷங்களின் பிள்ளைகள். ஒருத்தி 'ஆர்ட்ஸ்' என்று எழுதி, அழித்து, மறுபடியும் 'ஆர்ட்ஸ்' என்றே எழுதியிருந்தாள். ஒரு பையன் 'டெக்னிக்கல்' என்று எழுதிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கப்பல் வரைந்திருந்தான். புகைபோக்கி, அதிலிருந்து புகை, எல்லாம் இருந்தது. அதை நான் அழித்தது எனக்கு ஞாபகமே இல்லை. அரசாங்கப் படிவத்தில் கிறுக்கியிருக்கிறானே என்று அப்போது திட்டிக்கூட இருப்பேன்.

அவர்களில் ஒருவரும் ஜன்னலுக்கு வந்து கேட்டதில்லை. ஸ்டெல்லா மட்டும்தான் வந்தாள். வராத பிள்ளை ஒத்துக்கொண்ட பிள்ளை என்றுதான் ஆபீசில் நாம் எடுத்துக்கொள்வோம். ஏழு பேருக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. சிலர் பரீட்சையே எழுதி முடித்திருந்தார்கள்.

அந்தக் கப்பல்காரனை ஏழெட்டு வருஷம் கழித்துத் தேக்காவில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். அவன்தான் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"கிராணி அண்ணே! என்னைத் தெரியலயா? நீங்கதானே எங்க அப்பாகிட்டச் சொல்லி என்னை கமர்ஷியல்ல போட்டீங்க. இப்ப கப்பல் கம்பெனில வேல. சரக்கு லிஸ்ட் பூரா நான்தான் டைப் அடிக்கிறேன்."

"கப்பல்ல போயிருக்கியா?"

"எங்கண்ணே! ஆபீஸ் ஜன்னல்லேருந்து பாக்குறதோட சரி. நீங்க மட்டும் இல்லன்னா நான் எங்க இருந்திருப்பேனோ லா!"

அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். கப்பல் வரைந்தது அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

"ஒரு விசயம்ணே. என் கடைசித் தம்பி இப்ப செக் டூ. இந்த வருசம் பாடம் எடுக்கணும். எனக்குச் சொன்ன மாதிரி அவனுக்கும் நீங்களே பாத்துச் சொல்லுங்க. நாங்க அப்படியே போட்டுடறோம்."

"அவன் என்ன எழுதியிருக்கான்?"

"யாரு?"

"உன் தம்பி. பென்சில்ல."

"அவன்கிட்ட யாருண்ணே கேட்டா?" என்று சிரித்தான்.

"வீடு பக்கத்துலதானே?"

"பஃபலோ ரோடுதான்."

"போய்க் கேட்டுட்டு வா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு ரோட்டைக் கடந்து போனான். நான் இன்னொரு டீ சொன்னேன். அதுவும் ஆறிப் போனது. எழுந்து போகவில்லை.